செட்டிங் பீஸ் என்று ஒதுக்கிய தீ

என்னைப் பற்றி யாராவது உங்களிடம் "பிலோமினா மேடம் ரொம்பத் தைரியசாலி" என்று சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நான் பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, ஓசூரில் மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி, கம்பெனி பஸ்ஸை எத்தனையோ முறை கோட்டைவிட்டவள். வேலைக்காலத்தில் பெரும்பகுதி சோதனைக்கூடத்தில் கழிந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பயப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் தொழிற்சாலையில் அது ஒன்றுதான்.

பேட்டரிச் சோதனைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்றுப் போனவளை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து, "மறக்க முடியாத அனுபவம் சொல்லுங்க" என்கிறீர்கள். சோதனை எப்படிச் செய்வது என்பதை உங்கள் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும். நான் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்த் தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் இருக்கிற, தப்பே இல்லாத ஒரு பழக்கம். அதனால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும்.

நான் முதலில் சேர்ந்தது பிரேக் பாகம் செய்யும் சின்னக் கம்பெனியில். காலையில் மெஷினை ஓட்டத் தொடங்கும்போது முதலில் விழும் ஒன்றிரண்டு பாகங்கள் அளவுக்கு வராது. வெட்டும் டூலை நகர்த்தி, அளந்து, மறுபடி நகர்த்தி, அளவு பிடிபட்ட பிறகுதான் உற்பத்தி. அதுவரை விழுந்ததெல்லாம் செட்டிங் பீஸ். சிவப்புப் பெயின்ட் தடவித் தொட்டியில் போட்டுவிடுவோம். கழிவுக் கணக்கில் சேராது, யாரும் திட்டமாட்டார்கள். மெஷினைச் சரிபார்க்கவே வெட்டிய பாகம், அது எந்த வண்டியிலும் ஏறப்போவதில்லை. ஓசூரில் பாதிப் பேர் இந்தச் சொல்லோடு வாழ்கிறவர்கள். வீட்டில் முதல் தோசை பிய்ந்துபோனால்கூட என் கணவர், "வுடு, செட்டிங் பீஸ்" என்று சொல்லி அதைத் தன் தட்டில் போட்டுக்கொள்வார்.

பிறகு நான் பேட்டரிக் கம்பெனிக்கு வந்தேன். ஸ்கூட்டர் பேட்டரி செய்துகொண்டிருந்த எங்களுக்கு, மின்சாரத்தில் பறக்கும் ஒரு பயிற்சி விமானத்துக்குப் பேட்டரி செய்யும் வேலை வந்தது. இரண்டே இருக்கைகள் உள்ள சின்ன விமானம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கானது. பேட்டரிப் பெட்டி இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் உட்காரும். வேலை வந்ததும் கம்பெனியே துள்ளிக் குதித்தது. எனக்கு மட்டும் பயம் வந்தது. ஸ்கூட்டரில் புகை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு ஓடலாம். வானத்தில் ஓரம் ஏது?

விமானத்துக்குப் பேட்டரி என்றால் டெல்லி அலுவலகத்தின் பாதுகாப்புச் சான்று வேண்டும். அதற்கான சோதனை கேட்க எளிது. பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் பேட்டரி செல்களில் ஒன்றை வேண்டுமென்றே சூடாக்கித் தீப்பிடிக்கவைக்க வேண்டும். தீ பக்கத்துச் செல்களுக்குப் பரவினாலும் பெட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். புகை ஒரு குழாய் வழியாக வெளியே போய்விட வேண்டும். இருக்கைப் பக்கம் ஒரு பொறிகூட வரக்கூடாது. இதற்காகச் சானமாவுக் காட்டுக்குப் போகும் வழியில், ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நிலத்தை வாடகைக்குப் பிடித்துச் சுவர் எழுப்பியிருந்தோம்.

முதல் பெட்டியை எரித்த அன்று அவசரம். போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை டார்க் என்போம். அதை அளந்து இறுக்கும் ஸ்பேனர் வேறிடத்துக்குப் போயிருந்ததால், டெக்னீஷியன் முனிராஜ் மூடியின் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் இறுக்கினார். சூடாக்கும் கம்பிக்கு வசதியாக மூலையில் இருந்த செல்லைத் தேர்ந்தெடுத்தோம். இருக்கை வரவேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, அதன் முதுகு பெட்டியைப் பார்க்கும்படி போட்டோம். தீ மூலையிலிருந்து கிளம்பி, மூடியின் இடுக்கு வழியாக நாக்கை நீட்டி, நேராக நாற்காலியின் மேல் பாய்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் முதுகு உருகித் தரையில் வழிந்தது.

முனிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மேடம், டார்க் வெக்கலயே நாம. செட்டிங் பீஸ் மேடம் இது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. யாரோ சிரித்தார்கள். எங்கள் மேனேஜர் சந்திரசேகர், "அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

அடுத்த பெட்டிக்குப் போல்ட்டுகளை அளந்து இறுக்கினோம். அதற்குள் சோதனைக்கான வரைபடமும் தயாராகியிருந்தது. அதில் நடுச் செல்லைச் சூடாக்கச் சொல்லியிருந்ததால் கம்பியும் நடுவுக்குப் போனது. தீ உள்ளேயே அடங்கியது. அதற்கடுத்த பெட்டியும் அப்படியே. மைசூர்பாகு கொடுத்தார்கள். நான் என் துண்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். போல்ட்டையும் மாற்றினோம், தீ வைத்த இடத்தையும் மாற்றினோம். இரண்டில் எது எங்களைக் காப்பாற்றியது?

மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவரில்லை. ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்த காலத்தில் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பாதவர். அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

"சார், மொதோ டெஸ்டையும் ரிப்போர்ட்ல சேத்து அனுப்பணும்."

"அது டெஸ்டே இல்லையே மேடம். செட்டிங் பீஸ்தானே?"

"பிரேக் பாகத்துக்கு அது சரிங்க சார். செட்டிங் பீஸ் வண்டியில ஏறாது. இங்க எரிஞ்ச பெட்டியும் பறக்கப்போற பெட்டியும் ஒரே பெட்டிங்க. மூலையில இருக்கிற செல்லு எரிஞ்சா என்ன ஆவும்னு நமக்கு இன்னும் தெரியாது."

"டார்க் வெக்காம செஞ்சது மேடம். அதப் போய் டெல்லிக்கு எழுதுனா மாசக்கணக்குல இழுப்பாங்க. அதுக்குள்ள கஸ்டமர் வேற ஆளப் பாத்துக்குவான். லைன்ல நின்னு வேல பாக்குற பொண்ணுங்களுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"அப்ப மூலையில வெச்சு இன்னொன்னு எரிச்சுப் பாத்துரலாங்க சார். டார்க் கரெக்டா வெச்சு."

"நேரம் இல்ல மேடம்."

அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்காது என்றேன். "பரவால்ல, நான் போட்டுக்கிறேன்" என்று பேனாவை எடுத்தார். கோபம்கூடப் படவில்லை. வெளியாட்களிடமோ வாடிக்கையாளரிடமோ சோதனையைப் பற்றி நேரடியாகப் பேசக்கூடாது என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்ததை மட்டும் ஞாபகப்படுத்தினார்.

விமானக் கம்பெனிக்காக அதை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கப்போகிற பெண்ணின் பெயர் நிவேதா. பெங்களூர்ப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், விமானத்தில் இங்கிலீஷ். பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொள்ள அவ்வப்போது எங்கள் கம்பெனிக்கு வருவாள். கேன்டீனில் ராகிக் களி போடும் நாளாகப் பார்த்து வருகிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் களியை உருட்டிக்கொண்டே, "டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே மேடம்?" என்று கேட்டாள். பக்கத்து மேசையில் மேனேஜர்.

"எரிச்ச வீடியோ எல்லாத்தையும் அனுப்பச் சொல்லி உங்க இன்ஜினியர்கள கேக்கச் சொல்லும்மா. எல்லாத்தையும்" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர்கள் கேட்டார்கள். எங்கள் கம்பெனி இரண்டு வீடியோக்களை அனுப்பியது.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன் பெஞ்சில் இருப்பவரின் முதுகைப் பார்த்தால் அந்த நாற்காலி கண்முன் வந்துவிடும். பூசை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்றே தெரியாமல் நின்றிருக்கிறேன். "உனக்கு மட்டும்தான் ஒலகத்துல வேலையா?" என்று கணவர் திட்டினார். சரி, வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "நீ வுட்டுட்டா அந்தப் பொண்ணு ஏறாதா?" என்று அவரே கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

வழி நான் நினைக்காத பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் சோதனை நிலத்தின் சுவரை ஒட்டி கவுரம்மாவின் ரோஜாப் பண்ணை இருந்தது. பெரிய தோட்டக்காரி. பெங்களூருக்குப் பூ அனுப்புகிறவர், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவர். பண்ணைக்கு மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் விரிப்பில் கரி படிந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே எதை எரிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கம்பெனி ரகசியம் என்று காவலாளி கதவைச் சாத்திவிட்டார். கவுரம்மா நேராகக் கிராம சபையில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

நிவேதா அடுத்த வாரம் பறப்பதாக இருந்தது. பறக்கும் வழி அந்தக் கிராமங்களுக்கு மேலே. கிராம சபையில் ஏதாவது கிளம்பிவிடக்கூடாது என்று மேனேஜரே நேரில் போனார். சோதனைக்கூடத் தலைவி என்று என்னையும், "பறக்கப்போற பொண்ணே வந்து உக்காந்தா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்" என்று நிவேதாவையும் கூட்டிக்கொண்டார். வேனில் போகும்போது என் பக்கம் திரும்பி, "நீங்க எதுவும் பேச வேணாம் மேடம். தேவப்பட்டா நான் கண்ணக் காட்டுவேன்" என்றார்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் பேசி முடித்து எங்கள் முறை வந்ததும் கவுரம்மா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தெலுங்கில் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"எங்க தோட்டத்து ஓரமா என்னாத்த கொளுத்துறீங்க? மொதல்ல அத சொல்லுங்க."

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். விமானத்துக்கான பேட்டரி, ஆபத்து வந்தால் தாங்குமா என்று பார்க்கத்தான் எரிக்கிறோம், எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்றார். நிவேதாவைக் காட்டி, இந்தப் பொண்ணுதான் ஓட்டப்போகிறாள் என்றார். சிலர் கைதட்டினார்கள்.

"செரிங்க. எத்தன கொளுத்துனீங்க?"

"ரெண்டும்மா. ரெண்டுமே பாஸ்."

"மூணு!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள்.

"மூணுதாங்க" என்றார் கவுரம்மா. "மொதோ பொகைக்கு எங்க மாடு கயித்த அறுத்துக்கினு ஓடிப்போச்சு. ஊரே சேந்து தேடுனோம். எங்களுக்குத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. மேனேஜரும் சிரித்துக்கொண்டே, "அது டெஸ்ட் இல்லம்மா. செட்டிங் பீஸ்" என்றார்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த ஒரு சொல்லில் கூட்டம் அடங்கிவிட்டது. அங்கே இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் நிற்பவர்கள். செட்டிங் பீஸ் என்றால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தலையாட்டினார்கள். ஒருவர் கவுரம்மாவிடமே, "அது கணக்குல வராதுக்கா" என்று எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கவுரம்மா மட்டும் உட்காரவில்லை.

"அந்தப் பீஸுக்கு என்னா ஆச்சு? அத சொல்லுங்க."

"அதெல்லாம் இங்க சொன்னா ஜனங்க வீணா பயப்படுவாங்கம்மா."

"பயப்படட்டுமே! சானமாவுல ஆன எறங்குனா பாரஸ்ட்டுக்காரங்க போனுல சொல்றாங்க, மைக்குல கூவுறாங்க. ஜனங்க பயந்துருவாங்கன்னு அவங்க வாய மூடிக்கினா நாங்க உசுரோட இருப்பமா? ஆன வருதுன்னா மாட்ட உள்ள கட்டிட்டு கதவ சாத்துறோம். தெரிஞ்சாத்தானே சாத்த முடியும்?"

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிவேதா என் பக்கம் திரும்பினாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மேடம், அதுக்கு என்ன ஆச்சு?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணைக் காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தது. லைனில் நிற்கும் பெண்களின் முகங்கள் வரிசையாக வந்தன. அவர்கள் வேலையும் போகலாம். ஆனால் கேள்வியைக் கேட்டவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன பொய் சொல்வது? எழுந்தேன். முன்னால் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். கவுரம்மா மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மொதோ பெட்டியில தீ வெளிய வந்துருச்சு. இருக்கப் பக்கமா வந்துச்சு. அங்க வெச்சிருந்த நாற்காலியோட முதுகு உருகிருச்சு. போல்ட்டு சரியா இறுக்காததாலதான் அப்படி ஆச்சுன்னு நாங்க நெனைக்கிறோம். அதுதான் காரணமான்னு இன்னும் நாங்க பாக்கல."

இவ்வளவுதான் சொன்னேன். நிவேதாவின் கை பின்னால் போய், தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தது.

நிவேதா வேறு வண்டியில் போய்விட்டாள்; திரும்பும்போது வேனில் நானும் மேனேஜரும் மட்டும்தான். "உங்கள நம்பிக் கூட்டிட்டுப் போனேன் மேடம்" என்றார் அவர். மறுநாளிலிருந்து சோதனைக்கூடச் சாவி என்னிடம் இல்லை. ஒரு மூலையில் மேசை போட்டு உட்காரவைத்தார்கள். லைனில் இருந்த பெண்கள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவர்களில் ஒருத்தி, நான் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவள், கைகழுவும் இடத்தில் மறித்து, "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மேடம்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

கிராம சபையில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, சான்று கொடுக்கும் அலுவலகம்வரை போய்விட்டது. முதல் பறப்பை நிறுத்திவைத்தார்கள். அவர்களுடைய அதிகாரி முன்னிலையில் மறுபடி எரித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கதவைத் திறந்துவைத்து ஊர்க்காரர்களுக்கும் காட்ட வேண்டும் என்று கிராம சபை தீர்மானம் போட்டது. மேனேஜர் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருப்பதற்குக் காரணம், பிறகு அவர் செய்தது. என் மேசைக்கு வந்து சாவியை வைத்துவிட்டு, "நீங்களே வந்து டெஸ்ட் வைங்க மேடம். எப்படி வெக்கணும்?" என்று கேட்டார்.

"டார்க் கரெக்டா வெச்சுங்க சார். செல்லு மட்டும் மூலையில."

அன்று காலையில் யானைகள் பக்கத்து ராகி வயலில் நிற்பதாகத் தகவல் வந்தது. புகையைக் கண்டு அவை மிரண்டால் ஊருக்கு ஆபத்து என்று வனத்துறையினர் காத்திருக்கச் சொன்னார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கயிறு கட்டிய பகுதிக்கு அப்பால் ஊர்க்காரர்கள், கவுரம்மா, டெல்லியிலிருந்து வந்த அதிகாரி, நிவேதா. நான் சுவரோரமாக நின்று வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். என்னவென்று வேண்டுவது? தீ உள்ளே அடங்கினால் இத்தனை பேரின் பிழைப்பை வீணாகக் கெடுத்தவள் ஆவேன். வெளியே வந்தால் நாங்கள் செய்த பெட்டி ஒரு பெண்ணைக் கொல்லக்கூடியது என்று ஆகும். வாழ்க்கையில் அப்படி ஒரு குழப்பத்தோடு நான் மாதாவைக் கூப்பிட்டதே இல்லை.

யானைகள் காட்டுக்குள் போய்விட்டதாகச் சொன்ன பிறகு சூடாக்கத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் குழாய் வழியாக வெள்ளைப் புகை பீறிட்டது. அப்படித்தான் வர வேண்டும். நான் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினேன். புகை சீராக வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ கைதட்டினார்கள். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆறோ ஏழோ மந்திரம் சொல்லியிருப்பேன். மூலையில் மூடிக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. அடுத்த நொடி அதே தீ, அதே பக்கம். நாற்காலியின் முதுகு வளைந்து தொங்கியது.

எல்லா போல்ட்டையும் தன் கையால் அளந்து இறுக்கிய முனிராஜ், இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் என்னிடம் வந்தார். அவர் உதடு வறண்டிருந்தது.

"டார்க் காரணம் இல்ல மேடம்" என்றார்.

பெட்டி ஆறிய பிறகு நிவேதா கயிற்றைத் தாண்டி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உருகிய நாற்காலியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பொக வந்ததுக்கும் தீ வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் இருந்துச்சு மேடம்?"

வீடியோவில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "இப்ப சொல்லுங்க" என்றாள். ஆறேழு அருள் நிறைந்த மரியே சொல்கிற நேரம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எவ்வளவு வேகமாகச் சொல்வேன் என்று கேட்டு, என்னை ஒருமுறை சொல்லவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டியின் மூலையையும் மூடியையும் மறுபடி வடிவமைக்க மாதங்கள் ஆயின. அதற்குள் சிலர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கைகழுவும் இடத்தில் அழுதவளும் போய்விட்டாள். இன்றும் கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதை நான் சரிசெய்யவே முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எரித்த ஒவ்வொரு பெட்டியையும், தோற்றதையும் தேறியதையும், கதவைத் திறந்துவைத்துத்தான் எரித்தோம். முடிவுகள் அத்தனையும் டெல்லி அலுவலகத்துக்கும் போயின, பஞ்சாயத்து அறிவிப்புப் பலகைக்கும் போயின. இன்று நீங்கள் "இதை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்" என்று முணுமுணுக்கிற அந்த நடைமுறை அப்படி வந்ததுதான். செட்டிங் பீஸ் என்ற சொல்லை மெஷினுக்கு முன்னால் தாராளமாகச் சொல்லுங்கள். மனிதர் ஏறி உட்காரும் பொருளுக்கு மட்டும் சொல்லாதீர்கள்.

புதிய பெட்டி மூலையில் எரித்தும் நடுவில் எரித்தும் தேறியது. சான்று கிடைத்து, முதல் பறப்புக்கு நாள் குறித்தார்கள். ஓடுபாதை ஓரத்தில் நின்றவர்களில் எல்லோரையும்விட அதிகம் பயந்தவள் நான்தான். எரிந்த பெட்டிகளின் வீடியோ அத்தனையும் நிவேதா செல்போனில் வைத்திருந்தாள். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

விமானம் சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஆனால் உயரப் போகவில்லை. ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றியே தாழ்வாக வட்டமிட்டது. படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். "என்ன, ஏறவே மாட்டேங்குது?" என்று கேட்டார்கள். பேட்டரிக்குச் சக்தி போதவில்லையோ என்று மேனேஜர் தவித்தார்.

இறங்கி வந்தவளின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"பயந்துட்டியாம்மா? ஏன் மேல போகல?"

"பயமாத்தான் இருந்துச்சு மேடம். பொக வந்தா தீ வர்ற வரைக்கும் எவ்ளோ நேரம் இருக்குன்னு தெரியுமே. அந்த நேரத்துக்குள்ள எறங்கித் தரையத் தொட முடியணும். அதுக்கு மேல ஏறக்கூடாதுன்னு வெச்சுக்கிட்டேன்."

"இது புதுப் பெட்டிம்மா. இதுல தீ வெளிய வரல. பாஸ் ஆயிருச்சே."

"பழசும் பாஸ்னுதானே மேடம் சொன்னாங்க?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பழைய பெட்டியோடு பறக்க முதலில் போட்டிருந்த திட்டத்தில் அவள் ஏறியிருக்க வேண்டிய உயரம் எனக்குத் தெரியும். இன்று வட்டமிட்டதைவிடப் பல மடங்கு. அங்கிருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஆறேழு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பதற்குள் தரைக்கு வந்திருக்க முடியாது. ஓடுபாதை ஓரத்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.